மோட்டார் ரூம் சுவரில் ஒரு கொக்கின் நிழல்

கொக்கு என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாத பெண் சோமனூர் வட்டாரத்தில் ஒருத்திதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நைட்டிக் கடை வைத்திருக்கும் பொற்கொடி. கூப்பிட மறந்தவர்களுக்கு அவளே எடுத்துக்கொடுப்பாள்.

"'வெள்ளையக்கா வந்தாச்சு' படம் பாத்திருக்கீங்களா அம்மணி? அதுல வார கொக்கு நாந்தானுங்க."

நைட்டி வாங்க வந்த பெண் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கழுத்தைப் பார்ப்பாள். கழுத்து கொஞ்சம் நீளம்தான். ஆனால் படத்தில் வரும் கொக்கு கையால் வரைந்த கொக்கு அல்லவா? வெள்ளைச் சிறகு, மஞ்சள் மூக்கு, கண்ணுக்கு மை. அது எப்படி அறுபதை நெருங்கும் பொற்கொடியாக இருக்க முடியும்?

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நைட்டிக்கு ஜிப் பொருத்திக்கொண்டிருக்கும் அவள் புருசன் ஆறுச்சாமி, தலை நிமிராமல் சொல்வார்: "நம்புங்க அம்மணி. அந்தப் படத்துல யாரெல்லாம் தெரியறாங்களோ அவுங்கெல்லாம் இவ இல்லை. தெரியாத ஆளு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுதான் இவ."

அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகளும் இருப்பீர்கள், கண்ணுகளா. அதனால் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பி ரெண்டு பேர், பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் ஒரு வாய்க்கால். அண்ணன் வீட்டுக் குழந்தைகள் அக்கரை, தம்பி வீட்டுக் குழந்தைகள் இக்கரை. சேதி சொல்ல ஆளில்லாமல் ஒரு கொக்கைப் பிடித்துத் தூது விடுகிறார்கள். அந்தக் கொக்குக்குப் பேச வராது, பாடத்தான் வரும். பாட்டுக்கு எதுகை இடிக்கிறதே என்று அது சேதியைக் கொஞ்சம் மாற்றிவிடும். 'நெல்லு வேணும்' என்று சொல்லியனுப்பினால், மெட்டுக்கு உட்காரவில்லை என்று 'பல்லு வேணும்' என்று பாடிவிடும். அக்கரையில் பல்செட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். இப்படிக் கலகம் முற்றிக் கடைசியில் எல்லோரும் வாய்க்காலில் விழுந்து, நனைந்து, சேர்ந்து பாடுவார்கள். மனிதர்கள் நிஜம், கொக்கு மட்டும் படம் வரைந்தது. நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. இன்னமும் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஏதாவது ஒரு டிவியில் போட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் இன்னமும் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் பார்க்கிறார்கள்.

படம் எடுத்தது கோபிசெட்டிபாளையத்தில். அப்போது பொற்கொடிக்குப் பதினெட்டு இருக்கும். ஆத்தாளோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் மேட்டில் படக்காரர்கள் காமிராவை நட்டுவைத்துப் பரிதவித்துக்கொண்டிருந்தார்கள். இல்லாத கொக்கைப் பார்த்துப் பேச நடிகர்களுக்கு வரவில்லை. ஒருத்தர் மேலே பார்த்தார், ஒருத்தர் கீழே பார்த்தார். அப்படியே விட்டால் கொக்குக்கு ரெண்டு தலை வரைய வேண்டியிருக்கும். மூங்கில் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி நட்டுப் பார்த்தார்கள். குச்சியைப் பார்த்து யாருக்குப் பாசம் வரும்? டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தார். வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஒரு காலில் ஏறிய சேற்றை மறுகாலால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தா, கொக்காட்டமே நிக்குது பாரு. அந்தப் புள்ளையக் கூப்பிடுங்கய்யா!"

அவ்வளவுதான் பொற்கொடி சினிமாவுக்குப் போன கதை. கொக்கு எங்கே வர வேண்டுமோ அங்கே அவள் நிற்பாள். நடிகர்கள் அவளைப் பார்த்துப் பேசுவார்கள், பாடுவார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். காமிரா ஓடும்போது அவள் அவர்கள் பார்வைக்கு நேராகவே, காமிராவின் கண்ணில் மட்டும் படாமல், ஓரத்துக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். பிறகு மெட்ராஸில் உட்கார்ந்து அந்த இடத்தில் கொக்கை வரைந்துகொள்வார்கள். டைரக்டர் வேறு, கொக்கென்றால் ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும், அப்போதுதான் நடிகர்களுக்கு உணர்ச்சி வரும் என்று சொல்லிவிட்டார். படம் முழுக்க ஒற்றைக்காலில் நின்றாள். அவள் முகம் ஒரு இடத்தில்கூட வராது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் நிழல் வரும்.

வாய்க்கால் பாட்டு எடுத்தது பொழுது சாய்கிற நேரம். காமிராவுக்குப் பின்னால் வெயில். எதிரே சுண்ணாம்படித்த மோட்டார் ரூம் சுவர். ஓரத்தில் நின்ற பொற்கொடியின் நிழல் நீளமாக அந்தச் சுவரில் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அதனால் படத்தில் தம்பி வேசம் போட்டவர் கொக்கோடு பாடுகிறபோது, சுவரில் கொக்கின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில், ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் நிழல் ஒற்றைக்காலில் நிற்கும். கொஞ்சம் அசந்தால் தவறிவிடும்.

டிவியில் அந்தப் படம் வருகிற அன்றைக்குப் பொற்கொடி கடையில் வியாபாரம் நடக்காது. "இருங்க, இருங்க, இந்தா வருது, சொவத்தப் பாருங்க... பாத்தீங்களா?" என்பாள். பார்த்தவர்கள் பாதி. பார்த்ததாகச் சொன்னவர்கள் மீதி.

இப்படி இருக்கையில் ஒருநாள் கடை போனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

"பொற்கொடி ஆன்ட்டிங்களா? நான் சுரேந்தர். கோயமுத்தூர்ல பழைய படங்களைச் சுத்தம் பண்ற ஸ்டுடியோ வெச்சிருக்கேன். 'வெள்ளையக்கா வந்தாச்சு' படத்தைக் கீறல், தூசி எல்லாம் எடுத்துப் புதுசா ரெடி பண்றோம். தியேட்டர்ல போடப்போறோம். சஃபியாம்மா உங்க நம்பர் குடுத்தாங்க."

சஃபியா யாரென்று சொல்ல வேண்டும். கொக்குக்குப் பாடியது அவர்தான். உக்கடத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார், நைட்டி எடுக்க அடிக்கடி சோமனூர் வருவார். ஒரு தீபாவளிக்குப் பொற்கொடி வழக்கம்போலச் சுவரைக் காட்டி "இந்தக் கொக்கு நாந்தானுங்க்கா" என்று சொல்ல, சஃபியா அசராமல், "அப்படியா? நான்தான் அந்தக் கொக்குன்னு இல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்று பாடியும் காட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு கொக்குக்கு ரெண்டு பேர் சொந்தம்.

பொற்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், போனில் தெரியப்போவதைப்போல. "சொல்லுங்க கண்ணு."

"படத்துல சின்னச் சின்னத் தப்புங்க நெறைய இருக்கு ஆன்ட்டி. ஒரு சீன்ல ரிஸ்ட் வாட்ச் தெரியுது, ஒரு சீன்ல லைட் கம்பம். எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றோம். வாய்க்கால் பாட்டுல செவுத்துல ஒரு பொண்ணு நிழல் விழுது. அது நீங்கதான்னு சஃபியாம்மா சொன்னாங்க. அதையும் எடுத்துடலாமான்னு... உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

இந்த இடத்தில் பொற்கொடி என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அய்யோ வேண்டாஞ்சாமி, அது ஒண்ணுதான் எனக்கு இருக்குது' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னது இது:

"அட, அதுக்கென்னங்க கண்ணு! எடுத்துப்போடுங்க. அது பாட்டுக்கு அசிங்கமா நிக்குது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு கொங்குநாட்டுக்காரர்களுக்குப் புரியும். விருந்துக்குப் போன இடத்தில் இலைக்கு மேல் கையை மறித்து "போதுங்க, போதுங்க" என்றால், இன்னொரு கரண்டி போடுங்கள் என்று அர்த்தம். நாற்காலி கொண்டுவந்தால் "நிக்கறனுங்க" என்பார்கள், இழுத்து உட்கார வைக்க வேண்டும். முதல் தடவையே சரி என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் பறக்காவட்டி என்று பேர். சுரேந்தர் இப்போது, 'அய்யோ அதெப்படி ஆன்ட்டி, அது உங்க நிழல் இல்லையா, இருக்கட்டும்' என்பான். இவள், 'எதுக்குங்க கண்ணு, வேண்டாங்க' என்பாள். அவன் இன்னும் ஒரு தடவை வற்புறுத்துவான். அப்புறம் இவள், 'செரி, நீங்க இத்தன சொல்றதால' என்று இறங்கிவருவாள். மனசுக்குள் அத்தனையும் எழுதி வைத்திருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி! எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்க வேலை எவ்ளோ ஈஸி!" என்று போனை வைத்துவிட்டான்.

சென்னையில் பிறந்து வளர்ந்த பையன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

பொற்கொடி கையில் போனோடு அப்படியே நின்றாள்.

"யாரு புள்ள?" என்றார் ஆறுச்சாமி.

"என்ற நெழல எடுக்கறாங்களாம்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நாந்தானுங்க."

ஆறுச்சாமி ஜிப்பைக் கீழே வைத்தார். மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "நாப்பது வருசமா இந்தச் சொவத்த காட்டி என்ற உசுர வாங்கிப்போட்டு, ஒத்த போன்ல குடுத்துப்போட்டியா?"

"அந்தத் தம்பி இன்னொருக்கா கேப்பாப்லன்னு நெனச்சனுங்க."

"கேக்கலயா?"

"தேங்க்ஸ்னு சொல்லிப்போட்டான்."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து, 'என்னங்க ஆச்சு?' என்று ஆள் எட்டிப் பார்த்தது. பொற்கொடிக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அன்றைக்கு ஒரு நைட்டிக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தாள்.

திரும்ப போன் பண்ணிச் சொல்லிவிடலாம். அதற்கும் கூச்சம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, சுட்டு டப்பாவில் அடுக்கினாள். புருசனைக் கிளப்பினாள். பீளமேட்டில் ஒரு மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்கு ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

சுரேந்தர் நல்ல பையன். எழுந்து நின்று வரவேற்றான். "காபி சாப்பிடுறீங்களா ஆன்ட்டி?"

"வேண்டாங்க கண்ணு, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தோம்."

"அங்கிள்?"

"எனக்கு வேணுமுங்க" என்றார் ஆறுச்சாமி.

ஒரே ஒரு காபி வந்தது. நல்ல காபி என்று வாசத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பொற்கொடி, புருசன் அதை ஆற்றி ஆற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சஃபியாவும் அங்கேதான் இருந்தார். படத்தைப்பற்றி அவரைப் பேசவைத்து வீடியோ எடுத்திருந்தார்கள். "வா பொற்கொடி, வா! இப்பத்தான் உன் பேரச் சொல்லி முடிச்சேன்" என்று பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன் ஆன்ட்டி" என்று சுரேந்தர் கம்ப்யூட்டரைத் திருப்பினான். திரையில் மோட்டார் ரூம் சுவர் அசையாமல் நின்றது. "இது பழசு." ரெட்டைச் சடை நிழல். "இது புதுசு." வெறும் சுவர். "பழசு. புதுசு." விரலால் தட்டத் தட்ட அவள் இருந்தாள், இல்லாமல் போனாள். "இந்த ஒரு நிழலை எடுக்க எங்க டீம் எவ்ளோ கஷ்டப்பட்டாங்க தெரியுமா? அந்தச் செவுத்துக் காரை உதிர்ந்ததுகூட அப்படியே இருக்கணும் இல்லையா? எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"அருமையா இருக்குதுங்க கண்ணு" என்றாள் பொற்கொடி. "நெம்ப சுத்தம்."

காபி டம்ளருக்குள்ளிருந்து ஆறுச்சாமி ஒரு கனைப்பு கனைத்தார். பொற்கொடி அவரை முழங்கையால் இடித்தாள். நீங்க சொல்லுங்க என்று அந்த இடிக்கு அர்த்தம்.

"நானெதுக்குச் சொல்லோணும்?" என்றார் அவர் சத்தமாகவே. "எடுக்கச் சொன்னது நீ. நான் காபி குடிக்கத்தான் வந்தேன்."

"என்ன ஆன்ட்டி?" என்றான் சுரேந்தர்.

"ஒண்ணுமில்லைங்க. இந்த ஊர்ல தண்ணி எப்படி வருதுங்க? சிறுவாணித் தண்ணிங்களா?"

தண்ணீரைப் பற்றிப் பேசினாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். அவிநாசி ரோட்டில் பாலம் கட்டியதால் பஸ் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றாள். கண்ணுக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா என்று கேட்டாள். ஒப்புட்டு டப்பாவைத் திறந்து வற்புறுத்தி ரெண்டு திங்கவைத்தாள். அவன் ஒவ்வொரு தடவை வேண்டாம் என்றபோதும் விடாமல் ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். இப்படித்தான் செய்யோணும் சாமி, பாத்துக் கத்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கொடுத்தாள். அவன் கத்துக்கொள்ளவில்லை. ஒப்புட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

சஃபியாவுக்கு இதற்குள் விசயம் பிடிபட்டுவிட்டது. நைட்டிக்கு விலை பேசும்போது பொற்கொடி இப்படித்தான் வெயிலைப் பற்றிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியும். "தம்பி, இங்க பாரு" என்று ஆரம்பித்தார். "இவ வந்தது எதுக்குன்னா..."

பொற்கொடி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க்கா. நீங்க சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"படத்துல நாப்பது வருசமா எனக்குஞ்சேத்தி நீங்கதான் பாடறீங்க. இதையாச்சும் நானே கேட்டுக்கறேன்."

ஆறுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். பொற்கொடி எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு கேட்க வராது என்று தோன்றியது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அந்த நெழலு எனக்கு வேணுமுங்க கண்ணு. திருப்பி வெச்சுருங்க."

சுரேந்தர் வாயில் பாதி ஒப்புட்டோடு அவளைப் பார்த்தான். "ஆனா நீங்கதானே ஆன்ட்டி எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னனுங்க. ஒருக்காத்தானே சொன்னேன்? நீங்க மறுக்கா கேட்டிருக்கோணும்ங்க. கேட்டிருந்தா நானும் வேண்டாம்பேன். நீங்க விடாம கேப்பீங்க. அப்பறம் நான் செரிம்பேன். அப்படித்தானுங்க மொற."

"மூணு தடவை கேக்கணுமா?"

"மூணு போதுமுங்க" என்றார் ஆறுச்சாமி. "சம்பந்தின்னா அஞ்சு."

சுரேந்தர் சிரித்தான். ஆனால் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தான், அவளை ஒரு தடவை பார்த்தான். "ஆன்ட்டி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அது... பெரிய ஸ்கிரீன்ல பாக்கும்போது எல்லாமே ரொம்பக் கிளியரா தெரியும்."

"தெரியட்டுமுங்க! அதுக்குத்தானுங்களே கேக்கறேன்?"

"அதுக்கில்ல ஆன்ட்டி..." என்று இழுத்தவன் என்ன நினைத்தானோ, நிறுத்திக்கொண்டான். "படத்தோட ஓனரைக் கேக்கணும். தப்பைத் தெரிஞ்சே விட்டா எங்களைத்தான் திட்டுவாங்க. பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம் என்றுதான் பொற்கொடி எடுத்துக்கொண்டாள். ஆனால் கேட்டாகிவிட்டது. வாயைத் திறந்து தனக்கென்று ஒன்றைக் கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கலியாணத்துக்குக்கூட அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

தியேட்டரில் படம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. பாஸ் வந்திருந்தது. பொற்கொடி அரக்குக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். ஆறுச்சாமி, "நெழலுக்கு எதுக்குடி பட்டுச்சேலை?" என்று கேட்டுவிட்டு அவரும் இஸ்திரி போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். ஹால் நிறையக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மடியில் குழந்தை, கையில் பாப்கார்ன். பொற்கொடிக்கு ஒருபுறம் சஃபியா, மறுபுறம் புருசன்.

படம் ஓடியது. கண்ணைப் பறிக்கிற நிறம். வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு ரெண்டு குழந்தைகள் ஒண்ணுக்குப் போக எழுந்தன. கொக்கு பறந்து வந்து இறங்கியதும் கைதட்டல். கொக்கு பாடியதும் சஃபியா தலையைக் குனிந்துகொண்டு தன்னோடு சேர்ந்து முணுமுணுத்தார். பல்செட் வந்த இடத்தில் ஹாலே சிரித்தது. பொற்கொடி மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்கால் பாட்டு எப்போது வரும், எப்போது வரும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

வந்தது. பொழுது சாய்ந்தது. மோட்டார் ரூம் வந்தது. சுவர் வந்தது.

நிழல் இருந்தது!

நீளமாக, கறுகறுவென்று, சுண்ணாம்புச் சுவரில் ரெட்டைச் சடையோடு ஒற்றைக்காலில் நின்றது. தாவணி முடிச்சுகூடத் தெரிந்தது. பொற்கொடி புருசன் கையைப் பிடிக்கப் போனாள்.

அப்போது அந்த நிழல் கையைத் தூக்கியது.

தூக்கி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், வறட்டு வறட்டென்று சொறிந்தது. ஒரு கை போதாமல் மறு கையும் வந்தது. சடைக்குள் விரலை விட்டு எதையோ இழுத்து, ரெண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கியது.

டிவியில் இத்தனை வருசமும் அந்தச் சுவர் ஒரே மசமசப்பு. நிழல் நிற்கும், அவ்வளவுதான் தெரியும். தூசியும் கீறலும் போனதில் கையும் விரலும் துல்லியமாக வந்துவிட்டன.

நாலாவது வரிசையிலிருந்து ஒரு குழந்தை கத்தியது: "அம்மா, கொக்குக்குப் பேனு!"

ஹால் வெடித்தது. பல்செட்டுக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. சஃபியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். ஆறுச்சாமி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட முடியாமல், "நாப்பது வருசம்... நாப்பது வருசம் இதையா புள்ள எல்லாத்துக்கும் காட்டிட்டிருந்த?" என்றார்.

பொற்கொடிக்கு அரக்குப் பட்டு முழுக்க வேர்த்தது. நடவு வயலில் ஆளாளுக்குப் பேன்தான் அந்தக் காலத்தில். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதைக் கோயமுத்தூர் முழுக்கப் பார்க்கும்படி, தானே பஸ் ஏறிப்போய், ஒப்புட்டு கொடுத்து, எழுந்து நின்று கேட்டு வாங்கிய ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பக்கவாட்டில் சுவரோரமாக சுரேந்தர் நின்றிருந்தான். அவள் பார்த்ததும் ரெண்டு கையையும் விரித்தான். இதுக்குத்தான் ஆன்ட்டி எடுத்துடலாமான்னு கேட்டேன் என்று அந்தக் கை சொன்னது. அந்தப் பிள்ளை அன்றைக்கு போனிலும் மரியாதைக்குத்தான் கேட்டிருக்கிறான். அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் கேட்டிருக்கிறான்.

"ஒன்ஸ்மோர்!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் ஹாலே கத்தியது. குழந்தைகள் சீட்டில் ஏறி நின்றார்கள். கொஞ்ச நேரம் திரை இருண்டது. பிறகு பாட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தது.

இந்தத் தடவை பொற்கொடி சுவரைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேர் இருக்கிறார்களே. அவள் தம்பி வேசம் போட்டவரைப் பார்த்தாள். அந்தப் பாட்டில் அவர் உதடு துடிக்கும், கண்ணில் நீர் கட்டும், தோள் குலுங்கும். அண்ணனை நினைத்து என்னமாய் உருகுகிறார் என்று பார்த்தவர்களெல்லாம் கண் கலங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு உற்றுப் பார்த்தால், அந்த மனுசன் உருகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். காமிராவுக்கு ஓரத்தில் ஒரு பெண் ஒற்றைக்காலில் நின்றபடி பேன் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, சிரித்துவிடக் கூடாதே என்று படாதபாடு படுகிறார்.

அவர் பார்ப்பது கொக்கை இல்லை. அவளைத்தான்.

பொற்கொடிக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஹாலில் எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு ஆள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அது அவள்தான்.

படம் விட்டதும் சுரேந்தர் மைக்கைப் பிடித்து அந்த நிழல் யாருடையது என்று சொல்லிவிட்டான். வெளியே காலெடுத்து வைப்பதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சஃபியாவிடம் ஒரு வரி பாடச் சொன்னார்கள். பொற்கொடியிடம் யாரும் பாடச் சொல்லவில்லை. நாலாவது வரிசையில் கத்திய குழந்தைதான் முதலில் வந்தது. ஹர்ஷிணியாம் பேர். அம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பாட்டி, அதே மாதிரி பண்ணுங்க" என்றது குழந்தை.

"எதே மாதிரிங்க அம்மணி?"

"சொறியுங்க!"

பொற்கொடி பட்டுச்சேலையைச் சரி செய்தாள். ஒரு கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். குழந்தையும் அப்படியே செய்தது. ரெண்டு பேரும் பல்லைக் காட்டினார்கள். அடுத்து ஒரு காலேஜ் பையன் வந்தான். அப்புறம் ஒரு குடும்பம், மாமியாரோடு சேர்த்து, எல்லோரும் வரிசையாகத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசை படிக்கட்டு வரை நீண்டது.

ஆறுச்சாமி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கிட்டே வந்து காதோரம் கேட்டார்: "ஏம் புள்ள, நெசமாவே அரிக்குதா?"

"சித்தெ அக்கட்டால நில்லுங்க" என்று அவரை ஓரமாகத் தள்ளினாள் பொற்கொடி. "நெழலு உளுகுது." அடுத்த ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.